மூச்சு முந்திவிட்டது

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்கு வயது 44. ஆறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு குதிகாலுக்குச் சற்று மேலே தசைநாண் வீங்கி, ஏழு மாதம் ஓட்டம் நின்றுபோனது. அத்தனை நாளும் நீச்சலும் சைக்கிளும்தான். போன வாரம் பிசியோதெரபிஸ்ட், "இனி ஓடலாம். ஒரு நிமிடம் ஓடுங்கள், ஒரு நிமிடம் நடங்கள்" என்றார். மூச்சு வாங்கவில்லை, வலியும் இல்லை என்பதால் முதல் நாளே ஆறு கிலோமீட்டர் ஓடிவிட்டேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கினால் கால் மரக்கட்டையாக இருக்கிறது. இப்போது ஓடவே பயம். ஓடுவதும் நடப்பதுமாகப் போகவோ கூச்சம். முன்பு என் பின்னால் வந்தவர்கள் இன்று என்னைத் தாண்டிப் போகிறார்கள். விட்டுவிடலாமா? இரண்டு மாதத்தில் வரும் 21 கிலோமீட்டர் போட்டிக்குப் பணம் வேறு கட்டியிருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

நான் மருத்துவன் அல்ல, ஓடுகிறவன், அவ்வளவுதான். உங்கள் காலைத் தொட்டுப் பார்த்தவர் ஒரு நிமிடம் என்றார். உங்கள் காதில் அது ஆறு கிலோமீட்டராக விழுந்திருக்கிறது. இதைக் கேலி செய்யும் அருகதை எனக்கில்லை. கெண்டைக்கால் தசை கிழிந்து ஆறியபின், ஓட ஆரம்பித்த நான்காம் நாளே நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டே பத்து கிலோமீட்டர் போய்விட்டு, மறுபடியும் இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தவன் நான். பேச்சு சுவையாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

உங்களைக் கெடுத்தது மூச்சு. நீச்சலும் சைக்கிளும் இதயத்தையும் நுரையீரலையும் பழுதில்லாமல் காத்துவைத்திருக்கின்றன. ஆனால் அவை இரண்டிலும் பாதம் தரையில் மோதுவதே இல்லை. ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து ஏறுகிறது. குதிகால் நாணில் விழும் இழுவை அதைவிடவும் அதிகம், ஆறு மடங்குக்கும் மேல். ஆறு கிலோமீட்டரில் ஒரு கால் ஏறக்குறைய மூவாயிரம் முறை தரையைத் தொடும். ஏழு மாதம் சும்மா இருந்த நாணிடம் ஒரே காலையில் அத்தனையும் கேட்டிருக்கிறீர்கள்.

தசை சில வாரங்களில் தேறிவிடும், நாண் அப்படியல்ல. இதைப் பற்றி டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் பெருகியது. அது உணவு வழியாக அப்போது வளர்ந்துகொண்டிருந்தவர்களின் உடம்பிலும் சேர்ந்தது. அந்தத் தடயத்தைக் குதிகால் நாணில் அளந்து பார்த்தபோது, நாணின் உட்பகுதி சுமார் 17 வயதுக்குள் கட்டி முடிக்கப்பட்டு, அதன்பின் ஏறக்குறைய மாறுவதே இல்லை என்று தெரியவந்தது. பள்ளிக்கூடம் போன காலத்து நாணை வைத்துக்கொண்டுதான் நீங்கள் இன்றும் ஓடுகிறீர்கள். பாரம் கொடுத்தால் அதுவும் உறுதிப்படும், ஆனால் மாதக்கணக்கில்.

பாரம் என்றதும் ஒரு சந்தேகம். அந்த ஏழு மாதத்தில் குதிகால் பயிற்சி ஏதாவது செய்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஓய்வு வீக்கத்தை வற்றவைக்கும். நாணுக்குப் பலம் தராது. சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை எளிமையானது. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை எனக் காலையும் மாலையும் சேர்த்து நாளொன்றுக்கு 180 தடவை, 12 வாரம். அவரிடம் வந்த 15 ஓட்டக்காரர்களும் திரும்ப ஓடினார்கள். இதைவிடச் சலிப்பூட்டும் வேலையை நான் செய்ததில்லை. பல் துலக்கும்போதே பாதியை முடித்துவிடுவேன். வலி குதி எலும்போடு நாண் ஒட்டும் இடத்தில் இருந்தால் மட்டும் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்வது நல்லது. எது உங்களுக்குப் பொருந்தும் என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

ஓடும்போது வலிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள். சூடேறியதும் இந்த நாண் வாயை மூடிக்கொள்ளும். மறுநாள் காலை வைக்கும் முதல் பத்து அடியில்தான் உண்மை வெளிவரும். அந்த விறைப்பு முந்தைய நாளை விடக் கூடவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம். கூடியிருந்தால் ஒரு படி இறங்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள். வேகமும் மேடும் கடைசியில் வரட்டும், இரண்டுமே கெண்டைக்காலைப் பிழிந்தெடுப்பவை. வாரத்துக்குப் பத்து சதவீதம் மட்டுமே கூட்ட வேண்டும் என்ற விதியை எல்லோரும் சொல்வார்கள். புதிதாக ஓடத் தொடங்கியவர்களை வைத்து நெதர்லாந்தில் அதைச் சோதித்தபோது, விதியைப் பின்பற்றிய குழுவிலும் மற்றதிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம் வந்தது. ஆகவே அந்தக் கணக்கைவிட உங்கள் காலை நேரத்துக் காலையே நான் நம்புவேன்.

கூச்சத்துக்கு என்னிடம் மருந்தில்லை. இரண்டு மாதம் தெரிந்தவர் யாரும் வராத பாதையாகப் பார்த்துப் போனவன் நான். நீங்களும் அப்படிச் செய்யலாம், தப்பில்லை.

விட்டுவிட வேண்டாம். ஆனால் அந்த மரக்கட்டை விறைப்பு இளகியதா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு மூன்று நாளில் இளகியிருந்தால் ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடையிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இளகாமல் வீங்கியிருந்தாலோ, அந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்த முடியாமல் போனாலோ, இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

போட்டிக்குக் கட்டிய பணம் போனதுதான். அதை மீட்கக் காலைச் செலவழிக்க வேண்டாம்.

அன்புடன்.