தேயிலையை யார் கடித்தது? மருந்துக்கு முன் இலையைப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: பொகவந்தலாவையில் வீட்டோடு ஒட்டிய சின்னத் தேயிலைத் துண்டு எங்களுடையது. கொழுந்து இலைகள் கடிபட்டிருக்கின்றன, சில ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்துப் போத்தல் இப்போதைக்கு மூலையிலேயே இருக்கட்டும். இலை ஒட்டியிருக்கிறது என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. அப்படி ஒட்டிய இரண்டு இலைகளை மெதுவாகப் பிரியுங்கள். உள்ளே வெள்ளை இழை, எச்சம், தலை கறுத்த பச்சைப் புழு எல்லாம் இருந்தால் அது டோட்ரிக்ஸ், அதாவது தேயிலை இலைச்சுருட்டிப் புழு. தொட்டவுடன் வேகமாகப் பின்னால் நெளியும், நூல் விட்டுக் கீழே இறங்கும். முற்றிய இலைகளின் மேல்பக்கத்தையும் பாருங்கள். மீன் செதில் அடுக்கினாற்போல் மஞ்சள் முட்டைகள் ஒட்டியிருக்கும்.

இலை ஒட்டாமல் நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தால், முள் நிறைந்த குட்டையான மசுக்குட்டியைச் சந்தேகிக்கலாம். வெறுங்கையால் தொடாதீர்கள், எரியும். குச்சித்துண்டு ஒட்டிய பை தொங்கினால் பைப்புழு, பையோடு பிடுங்கிவிட்டால் சரி. ஓட்டையின் ஓரம் வட்டமாகக் கருகியிருந்தால் அது பூச்சியே இல்லாமல் கொப்புள நோய் என்ற பூஞ்சை நோயாகவும் இருக்கலாம்.

உங்கள் விஷயம் பெரும்பாலும் டோட்ரிக்ஸ்தான். அதைக் கட்டுப்படுத்த 1935-36இல் ஜாவாவிலிருந்து இலங்கைக்கு ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும், குஞ்சுகள் புழுவைத் தின்றே வளரும். நம் மலைகளில் அது நன்றாக நிலைத்தும்விட்டது. அப்புறம் தண்டு துளைக்கும் வண்டுக்கு என்று டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தபோது இந்தக் குளவியும் சேர்ந்து செத்தது, டோட்ரிக்ஸ் பெருகியது. கண்டபடி மருந்து அடிக்க நான் பயப்படுவது இதனால்தான்.

கொழுந்தெடுக்கும்போதே ஒட்டிய இலைகளைத் தனியாகச் சேருங்கள். உயிருள்ள புழு இருந்தால் நசுக்குங்கள். செத்துச் சுருங்கிய புழுவும் பக்கத்தில் சிறு பட்டுக்கூடும் இருந்தால் அதை அப்படியே செடியடியில் விட்டுவிடுங்கள், குளவி வெளியே வரட்டும். முட்டையுள்ள இலைகளைக் கிள்ளி எரித்துவிடலாம். அடுத்தடுத்த இரண்டு கொழுந்து முறைகளிலும் புழு ஒட்டிய இலைகள் புதிதாகக் கூடிக்கொண்டே போனால், புழுவும் இலையுமாக ஒரு போத்தலில் போட்டு உங்கள் பகுதி சிறு தேயிலைத் தோட்ட அலுவலரிடம் காட்டுங்கள். அவர் மருந்து எழுதித் தந்தால், அடித்தபின் எத்தனை நாள் கொழுந்து எடுக்கக்கூடாது என்பதையும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.