எந்த வரி உங்களுடையது?

முதுநிலை, ஆய்வு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: செமினாருக்குத் தரும் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் போகிறேன். ஆனாலும் கடைசிவரை வாய் திறப்பதில்லை. பங்கேற்பு மதிப்பெண் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

சுருக்கம் சொல்லத்தான் பலரும் தயாராகி வருகிறார்கள். அதை முதல் ஆள் சொல்லி முடித்ததும் மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: கட்டுரையாளர் நிறுவ நினைப்பது என்ன என்று உங்கள் நடையில் இரண்டு வாக்கியம்; அவருடைய சான்றுகளில் வலுவானது ஒன்று, இடறுவது ஒன்று, பக்க எண்ணோடு; கட்டுரையைத் திரும்பப் புரட்டினால்தான் பதில் கிடைக்கும் என்பதுபோல ஒரு கேள்வி. முதல் கால் மணி நேரத்துக்குள் பேசிவிடுவது நல்லது. தள்ளிப்போடப் போடத் தயக்கம் கூடும்.

வகுப்பில் சக மாணவர் சொன்ன கருத்து பிறகு உங்கள் கட்டுரைக்குப் பயன்பட்டால், அடிக்குறிப்பில் அவர் பெயரைச் சொல்லுங்கள். அச்சில் வராத கருத்துக்கும் சொந்தக்காரர் உண்டு.

கேள்வி: சொற்களை மாற்றித்தான் எழுதினேன். கடைசியில் நூலின் பெயரையும் கொடுத்திருக்கிறேன். அப்படியும் ‘காப்பி’ என்கிறார் பேராசிரியர். இது நியாயமா?

நியாயம்தான். மூலத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “அச்சு இயந்திரம் பரவியதும் நூல்களின் விலை குறைந்தது, விலை குறைந்ததால் வாசகர் பெருகினர், வாசகர் பெருகியதால் எழுத்தாளர்களின் மொழி எளிமையானது.”

மாணவர் எழுதுவது: “அச்சுப்பொறி பரவலானபின் புத்தக விலை இறங்கியது, அதனால் படிப்போர் கூடினர், அதன் விளைவாக எழுதுவோரின் நடை எளிதாயிற்று.” சொல் மாறிவிட்டது. வாக்கியத்தின் எலும்புக்கூடு, வரிசை, காரணம் அடுக்கும் முறை எல்லாம் மூலத்தினுடையவை. நூலின் பெயர் கடைசிப் பக்கத்தில் இருப்பதால், இந்த வரி யாருடையது என்று வாசகருக்குத் தெரிய வழியே இல்லை.

இப்படி எழுதிப் பாருங்கள்: “மொழி எளிமையானதற்குப் புதிதாக வந்த வாசகர் கூட்டமே காரணம் என்பது இந்நூலாசிரியரின் வாதம் (பக். 31). ஆனால், விலை குறைவதற்கு முன்பே நடை மாறத் தொடங்கிவிட்டதா என்பதை அவர் ஆராயவில்லை.” நூலாசிரியர் எங்கே முடிகிறார், நீங்கள் எங்கே தொடங்குகிறீர்கள் என்பது ‘ஆனால்’ என்ற இடத்தில் தெரிந்துவிடுகிறது.

இந்தத் தவறு பெரும்பாலும் எழுதும்போது நடப்பதில்லை, குறிப்பெடுக்கும்போதே நடந்துவிடுகிறது. பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை வெட்டி ஒட்டுகிறீர்கள். மேற்கோள் குறி போடுவதில்லை. மூன்று வாரம் கழித்து அது உங்கள் சொந்த வரி போலவே தெரியும். எனவே, எடுத்த கணத்திலேயே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போடுங்கள். உங்கள் எண்ணத்தை வேறு நிறத்தில் எழுதுங்கள். நூலின் கருத்தை உங்கள் நடையில் சொல்லும்போது நூலை மூடிவிட்டு எழுதி, பிறகு திறந்து ஒப்பிடுங்கள். மூலத்தின் தனித்தன்மையான தொடர் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அதை மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

கேள்வி: ஆங்கில நூலில் உள்ளதை நானே தமிழில் பெயர்த்து எழுதினால், அது என் எழுத்துதானே?

மொழிபெயர்ப்பு உங்களுடையது, கருத்தும் வாதமும் மூல ஆசிரியருடையவை. மேற்கோள் குறி, பக்க எண், “தமிழாக்கம் கட்டுரையாளருடையது” என்ற குறிப்பு மூன்றும் வேண்டும். மொழி மாறினால் கண்டுபிடிக்க முடியாது என்று நம்ப வேண்டாம். ஹங்கேரியின் அதிபராக இருந்த பால் ஷ்மிட், 1992இல் பெற்ற முனைவர் பட்டத்தை 2012இல் இழந்தார். சில நாட்களிலேயே பதவியிலிருந்தும் விலகினார். பல்கேரிய ஆய்வாளர் ஒருவர் பிரெஞ்சில் எழுதியதன் மொழிபெயர்ப்பே அந்த ஆய்வேட்டின் பெரும்பகுதி என்பது குற்றச்சாட்டு.

கேள்வி: கட்டுரையை மற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ‘டர்னிட்டின்’ மென்பொருள் 12 சதவீதம் காட்டுகிறது. பயப்படத் தேவையில்லையே?

அந்த எண் வேறு ஆவணங்களோடு ஒத்துப்போகும் சொற்களின் அளவை மட்டுமே காட்டும். முறையான மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் சேர்ந்தே, ஒரு தவறும் இல்லாமல், அதை 20க்கு மேல் கொண்டுபோகலாம். குறியில்லாமல் எடுத்த ஒரே ஒரு பத்தி இருந்தால் 4 சதவீதமும் குற்றம்தான். எனவே அறிக்கையைத் திறந்து, நிறமிட்ட ஒவ்வொரு இடத்திலும் மேற்கோள் குறியும் அடிக்குறிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சதவீதத்தைக் குறைக்க இணைச்சொல் தேடினால், மேலே காட்டிய ‘அச்சுப்பொறி’ வாக்கியத்தில்தான் போய் நிற்பீர்கள்.

கேள்வி: சாட்ஜிபிடியிடம் உதவி கேட்கலாமா?

செமினாருக்கு செமினார் விதி வேறு. பாடத்திட்டத் தாளில் எதுவும் இல்லையென்றால் பேராசிரியரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அனுமதி கிடைத்தாலும், எந்தக் கருவியை எந்த வேலைக்குப் பயன்படுத்தினீர்கள் என்று கட்டுரையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பெரிய ஆபத்து, அது புனைந்து தரும் சான்றுகள். ஆசிரியர் பெயர் நிஜமாக இருக்கும், இதழும் நிஜம். கட்டுரை மட்டும் எங்கும் இருக்காது. நியூயார்க் வழக்கு ஒன்றில் இப்படிப் புனையப்பட்ட தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கட்டுரையின் டிஓஐ எண்ணை (இணையத்தில் கட்டுரையை அடையாளம் காட்டும் நிலையான எண்) தேடிப் பாருங்கள். நீங்கள் திறந்து படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

நீங்களே எழுதியதையும் இயந்திரம் எழுதியதாக ஒரு மென்பொருள் தவறாகச் சொல்லலாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று தன் கண்டறியும் கருவியை 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. குறிப்புகளையும் வரைவுகளையும் தேதியோடு சேமித்து வைத்திருந்தால், சந்தேகம் எழும்போது எடுத்துக் காட்டலாம்.

கேள்வி: போன பருவத்தில் நான் எழுதிய கட்டுரையையே இந்த செமினாருக்கும் தரலாமா?

இரண்டு பேராசிரியர்களும் எழுத்தில் சம்மதித்தால் மட்டும். அப்போதும், பழைய கட்டுரையிலிருந்து எந்தெந்தப் பகுதி வந்திருக்கிறது என்பதை முதல் பக்க அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.