டஃபோடில் பார்க்காத வகுப்பில் வேர்ட்ஸ்வொர்த்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் ஆங்கிலத் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். இரண்டாம் ஆண்டு பி.ஏ. வகுப்புக்கு ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தை நடத்துகிறேன். பாதிப்பேர் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். பீடி சுற்றும், வயல்வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள். குளிர்நாட்டு மஞ்சள் பூவான டஃபோடிலைப் பற்றிய அவருடைய 'டஃபோடில்ஸ்' பாட்டை நடத்தும்போது ஒரு பையன், "மிஸ், இந்தப் பூவ நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. மற்றவர்கள் நோட்ஸ் தந்தால் போதும் என்கிறார்கள். இவரை இங்கே நடத்துவதில் அர்த்தம் இருக்கிறதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நிச்சயமாக இருக்கிறது. அந்தப் பையனிடம் "நானும் பார்த்ததில்லை" என்று தயங்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கடைசிப் பத்திக்கு நேரே கூட்டிப்போங்கள். கவிஞர் வீட்டுக்குள் படுத்திருக்கிறார். மனசு வெறுமையாகக் கிடக்கிறது. என்றைக்கோ பார்த்தது கண்ணுக்குள் வந்து நிற்கிறது. ஊரை விட்டு ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அப்புறம் டாரதியைச் சொல்லுங்கள். அந்தப் பூக்களை வேர்ட்ஸ்வொர்த் பார்த்தது 1802 ஏப்ரல் 15 அன்று, இங்கிலாந்தின் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில். தங்கை டாரதியும் கூடவே நடந்து வந்தார். அவருக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. அன்றைக்குக் காற்று பலமாக அடித்ததையும், சில பூக்கள் அசதியில் தலையணையில் சாய்ந்த மாதிரி பாசிக்கல்லின் மேல் தலை வைத்திருந்ததையும், மற்றவை காற்றோடு சிரிப்பது போல ஆடியதையும் எழுதி வைத்திருக்கிறார். அண்ணன் பாட்டு எழுதியது 1804-இல், அச்சில் வந்தது 1807-இல். அதில் அவர் மேகம் போலத் தனியாக அலைகிறார், தங்கையைக் காணோம்! கடைசிப் பத்தியில் அகக்கண்ணைப் பற்றி வருகிற இரண்டு வரிகள் மனைவி மேரி தந்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். விண்மீன் கூட்டம் வருகிற பத்தி 1815 பதிப்பில்தான் சேர்ந்தது. நாட்குறிப்பையும் பாட்டையும் ஒரே தாளில் அச்செடுத்துக் கொடுத்து, தங்கையை ஏன் விட்டுவிட்டார் என்று கேளுங்கள். பெண்பிள்ளைகள் வாய் திறப்பார்கள். தமிழிலேயே பேசட்டும். பேசியதை ஆங்கிலத்தில் எழுத வைப்பது அடுத்த வேலை.

என்னைக் கேட்டால் 'டஃபோடில்ஸ்' முதல் பாடமாக இருக்கவே கூடாது. அவர் இறந்தபின் 1850-இல் வெளிவந்த 'தி ப்ரெலூட்' நெடும்பாட்டின் முதல் பகுதியில் படகு திருடுகிற கட்டம் ஒன்று வருகிறது. பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரம் அதற்குக் கொடுங்கள். ராத்திரி நேரம். சிறுவன் ஒருவன் யாருக்கும் தெரியாமல் படகை அவிழ்த்துத் துடுப்புப் போடுகிறான். துடுப்புப் போடுகிறவன் விட்டுவந்த கரையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பான், அதனால் நேராகப் போவதற்காக அந்தப் பக்கத்து முகட்டில் கண்ணை வைத்திருக்கிறான். கரையை விட்டு விலக விலக, அந்த முகட்டுக்குப் பின்னாலிருந்து பெரிய கரிய மலை ஒன்று தலை தூக்குகிறது. அவனைத் துரத்தி வருகிற மாதிரி வளர்ந்துகொண்டே போகிறது. நடுங்கிப்போய்ப் படகைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே விட்டுவிடுகிறான். பாபநாசத்திலிருந்து அம்பைக்கு வரும் பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அடிவாரத்தில் நிற்கும்போது முன்மலை மறைத்திருந்த உயரமான மலை, தள்ளிப் போகப் போகத்தான் மேலே எழும். அதைப் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சிறுவனின் பயம் பொய்யாகத் தோன்றாது. இயற்கை என்றால் அழகு, அமைதி என்று கைடில் படித்த வரியும் அங்கேயே உடையும்.

பாடத்திட்டத்தில் அவருடைய 'டின்டர்ன் ஆபி' இருந்தால் தாமிரபரணியை உள்ளே கொண்டுவரலாம். ஐந்து வருஷம் கழித்து 'வை' (Wye) என்ற ஆற்றின் கரைக்குத் திரும்பி வந்து, 1798 ஜூலையில் எழுதிய பாட்டு அது. தலைப்பில் இருக்கிற 'ஆபி', அதாவது மடம், பாட்டுக்குள் வருவதே இல்லை. அந்தப் பக்கத்து இரும்பு உலைகளும் ஏழைகளும் போதுமான அளவு வரவில்லை என்று 1980-களில் ஆய்வாளர்கள் பெரிதாகச் சண்டை பிடித்தார்கள். சின்ன வயதில் குளித்த படித்துறைக்கு மறுபடி போய்ப் பார்த்து ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். பரிகாரம் என்று தண்ணீரில் விட்டுப்போன வேட்டியும் சேலையும் காலில் சுற்றுவதை யாராவது எழுதி வந்தால் அந்த வரியை அடித்துவிடாதீர்கள். வேர்ட்ஸ்வொர்த் கவிதையில் எதை விட்டார் என்ற கேள்விக்கு அதுதான் நல்ல வாசல்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நம் ஊர் இலக்கியத்தைப் பக்கத்தில் வைத்து 'இரண்டும் ஒன்றுதான்' என்று முடித்துவிடுகிற பழக்கம் நம் துறைகளில் நிறைய உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. சீவலப்பேரி முக்கூடலைப் பாடுகிற 'முக்கூடற் பள்ளு' இருக்கிறதே, அதில் "ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி" என்று பள்ளர்கள் மழைக்குறி பார்க்கிறார்கள். மலையாளப் பக்கமும் ஈழப் பக்கமும் மின்னல் வெட்டுகிறது, நண்டு சேற்றால் வளையை அடைக்கிறது. விதைப்பு அவர்களுக்குக் காத்திருக்கிறது. வேர்ட்ஸ்வொர்த்துக்கு அப்படி அவசர வேலை எதுவும் இல்லை. அவர் தன் மனசையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இந்த வித்தியாசத்தை வயல்வேலை தெரிந்த பிள்ளை உங்களைவிட நன்றாகவே சொல்லும். சொல்ல விடுங்கள்.

நோட்ஸ் கேட்பதைக் குற்றமாக நினைக்க வேண்டாம். பரீட்சை இருக்கிறது, மார்க் வேண்டும், வீட்டில் அந்தப் பட்டத்தை நம்பியிருக்கிறார்கள். கொடுங்கள், ஆனால் பாட்டை இரண்டு தடவை சத்தமாக வாசித்த பிறகு கொடுங்கள். ஒரு தடவை நீங்கள், ஒரு தடவை அவர்கள். உச்சரிப்பைத் திருத்த வேண்டியிருந்தால் வாசித்து முடித்த பிறகு திருத்துங்கள். நோட்ஸின் கடைசியில் நாலு வரி இடம் விட்டு, அவரவர் பார்த்ததை அவரவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டுரைக் கேள்விக்கு அந்த நாலு வரியையும் சேர்த்து எழுதட்டும். இன்டர்னல் தேர்வுத் தாள் உங்கள் கையில்தானே இருக்கிறது, அதற்கு மார்க் போடுங்கள்.