பீரோவுக்குள்ளேயே கிழியும் பட்டு

கல்யாணக் கூறைப்புடவையை 15 வருடத்தில் நாலே முறைதான் கட்டியிருக்கிறேன். மகன் காதுகுத்துக்கு எடுத்தபோது முந்தானையில் மடிப்போடு மடிப்பாகக் கீறல் விட்டிருக்கிறது. கட்டாத புடவை எப்படிக் கிழியும்?
– வாசகி, திருமங்கலம்

மடித்த மடிப்பிலேயே கிடந்ததால் கிழிந்தது. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் ஏற்றியது. பட்டு எப்படியும் வளையும், வெள்ளி அப்படி வளையாது. வருடக்கணக்கில் ஒரே கோட்டில் மடிந்து, மேலே பத்துப் புடவையின் கனமும் ஏறினால் அந்த இழையின் ஓரமே பட்டை மெல்ல மெல்ல அறுத்துவிடும். கீறல் புடவையின் உடல் பகுதியில் விழாமல், சரிகை அடர்ந்த முந்தானையில் நேர்க்கோடாக விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

கிழிந்த இடத்தை இழுத்துத் தைக்காதீர்கள், பக்கத்தில் இன்னொரு கீறல் விடும். அதே நிறத்தில் மெல்லிய நெட் துணியைப் பின்னால் கொடுத்து டார்னிங் செய்யச் சொல்லுங்கள்.

மற்றப் புடவைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றுங்கள். போன தடவை நாலாக மடித்திருந்தால் இந்தத் தடவை மூன்றாக. கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையைத் தூக்கி எறியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உள்ளே புகுந்த ஈரம் அதற்குள் வெளியேற வழியில்லாமல் நின்று சரிகையைக் கறுக்க வைக்கும். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றினால் போதும். கனமான சரிகைப் புடவையை மாதக்கணக்கில் ஹேங்கரிலும் தொங்கவிடக் கூடாது, அதன் கனமே அதை இழுக்கும்.

அந்துருண்டையைத் துணியில் முடிந்து மேல்தட்டின் மூலையில் வையுங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தானாகக் கீழே இறங்கும். புடவை மேல் நேராகப் பட்டால் கறை. இன்னொன்று: அந்துருண்டை வைத்த தட்டில் பூசைக் கற்பூரத்தையும் சேர்த்து வைக்காதீர்கள். இரண்டும் ஒட்டிக் கிடந்தால் சித்திரை வெயிலில் இளகி வழிந்து எண்ணெய்க் கறைபோலப் பிடித்துக்கொள்ளும்.

பட்டைப் பீரோவிலேயே பூட்டி வைக்காமல் வெள்ளிக்கிழமைக்கும் கட்டலாம் என்று நினைக்கிறேன். மதுரை வெயிலில் வியர்வை என்ன பாடு படுத்தும்?
– வாசகி, அனுப்பானடி

வியர்வையோடு மடித்து வைப்பதுதான் கெடுக்கும். கட்டிவிட்டு வந்ததும் மடிக்காமல், நிழலில் அகலமான கொடியில் மூன்று மணி நேரம் விரித்துப் போடுங்கள். பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், கோடு விழும். வியர்வை பட்ட இடத்தை மட்டும் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். அது காயும் முன் இஸ்திரி போட்டால் உப்புக் கறை நிரந்தரமாகிவிடும். ரவிக்கைக்குப் பருத்தி லைனிங் கட்டாயம். சென்ட் அடிப்பதாக இருந்தால் புடவை கட்டும் முன் உடம்பில் அடித்துக்கொள்ளுங்கள், சரிகையில் பட்டால் கறுக்கும். மல்லிகைச் சரத்தை ஈரம் சொட்டச் சொட்ட வைத்துக்கொண்டால் தோளில் பழுப்புத் திட்டு விழும். தண்ணீர் தெளித்த பூவை ஒரு உதறு உதறிவிட்டு வையுங்கள்.

ஒவ்வொரு தடவையும் டிரை கிளீனிங் தேவையில்லை. நாலைந்து முறை கட்டியபின் கொடுத்தால் போதும். அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு மட்டும் பட்டு வேண்டவே வேண்டாம். தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் சரிகை பார்த்துப் பீய்ச்சுவதில்லை.

கைமுடிச்சுச் சுங்குடி (கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய புடவை) ஒன்று பரிசாக வந்தது. சாயம் போய்விடுமோ என்று இரண்டு வருடமாகத் தொடவில்லை. உப்புத் தண்ணீரில் ஊற வைக்கலாமா?
– வாசகி, மேலூர்

உப்பு ஒன்றும் செய்யாது. சாயம் ஏற்றும்போதே பிடிக்காததை வீட்டு உப்பு பிடித்து வைக்காது. முதல் மூன்று துவைப்பில் கழிவது பெரும்பாலும் இழையில் ஒட்டாமல் மேலாக நிற்கும் மிச்சச் சாயம்தான். அந்த மூன்று முறையும் தனியாக, பச்சைத் தண்ணீரில், சோப்பில்லாமல், ஊற வைக்காமல் அலசி, நிழலில் உள்பக்கம் வெளியே தெரியப் போடுங்கள். பிறகு பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும். கஞ்சி போட வேண்டுமானால் நீர்க்கப் போடுங்கள். கெட்டிக் கஞ்சியில் முடிச்சுப் புள்ளிகளின் சுருக்கம் படிந்துவிடும். அச்சுச் சுங்குடியிலிருந்து கைமுடிச்சைப் பிரித்துக் காட்டுவதே அந்தச் சுருக்கமும், ஒன்றைப்போல் ஒன்று இல்லாத புள்ளிகளும்தான். 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய துணி, நம் ஊர் வெயிலுக்கென்றே ஆன பருத்தி. நாளைக்கே கட்டுங்கள்.

பரணில் மாமியாரின் ஈயச்சொம்பும் பித்தளை அடுக்கும் சும்மா கிடக்கின்றன. சமையலுக்கு எடுக்கலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

சொம்பை எடுக்கும் முன் அது வெள்ளீயமா, காரீயம் கலந்ததா என்று பாருங்கள். வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சில் போலக் கறுப்புக் கோடு விழுந்தால் காரீயச் சந்தேகம். காரீயம் உடம்புக்கு விஷம், அந்தச் சொம்பில் ரசம் கூடாது. கோடு விழாவிட்டாலும் அதையே முடிவாக நம்பாமல் உலோகச் சோதனைக் கூடத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நல்ல வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100ஐ ஒட்டியே நிற்கும் என்பதால் சொம்பு தப்பிக்கிறது. எனவே முதலில் புளித்தண்ணீர், பிறகுதான் அடுப்பு. அரைச் சொம்புக்குக் குறையாமல் ஊற்றி, சிறு தீயில், தீ அடியைத் தாண்டி விளிம்பில் ஏறாமல் வையுங்கள். நுரை கூடி வந்ததும் இறக்குங்கள். தாளிப்பைக் கரண்டியில் தனியாகச் செய்து கொட்டுங்கள். காலிச் சொம்பில் எண்ணெயைக் காய வைத்தால் அடி ஓட்டையாகிவிடும். கம்பி நாரும் கூடாது.

பித்தளை அடுக்கின் உள்ளே மஞ்சள் தெரிகிறதா? அப்படியானால் புளி, தயிர், தக்காளி எதுவும் அதில் வேண்டாம், முதலில் உள்ளே வெள்ளீயம் பூசச் சொல்லுங்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைப் பஞ்சால் ஓட்டித் தேய்ப்பார்கள். உள்பக்கம் முழுதும் வெள்ளியாக மின்ன வேண்டும், ஒரு பொட்டு மஞ்சள்கூட இருக்கக் கூடாது. மதுரை வெண்கலக்கடைத் தெருவில் விசாரித்தால் பூசுகிறவர் யார் என்று சொல்வார்கள்.

வெள்ளி டம்ளரில் தினமும் காபி குடித்தால் தேய்ந்துவிடாதா?
– வாசகர், சிம்மக்கல்

காபியில் தேயாது, பற்பொடி போட்டுத் தேய்ப்பதில்தான் தேயும். தினமும் கழுவித் துடைக்கிற வெள்ளி அதிகம் கறுப்பதுமில்லை. கறுத்தால் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, ஒரு லிட்டர் கொதிநீர், ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா சேர்த்து, டம்ளர் தாளைத் தொடும்படி ஐந்து நிமிடம் போடுங்கள். கல் பதித்த சாமான்களுக்கு இது ஆகாது. முட்டை சாப்பிட மட்டும் வெள்ளிக் கரண்டி வேண்டாம், அதிலுள்ள கந்தகம் உடனே கறுக்க வைக்கும்.

தங்க விளிம்பு பீங்கான் செட்டில் ஒரு கப் உடைந்தால் செட்டே போச்சே?
– வாசகி, வாடிப்பட்டி

ஆறில் இரண்டை மட்டும் வெளியே எடுத்து அன்றாடம் புழங்குங்கள், நாலு பேருக்குச் செட் அப்படியே இருக்கும். மைக்ரோவேவில் வைத்தால் விளிம்பு தீப்பொறி பறக்கும். மார்கழிக் காலையில் குளிர்ந்த கப்பில் கொதிக்கும் டீயை ஊற்றும் முன் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுழற்றிக் கொட்டுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கவும் வேண்டாம், கைப்பிடி முதலில் போவது அப்படித்தான்.