மரத்தில் ஏறுபவரும் கீழே நிற்பவரும்: முதலுதவி கேள்வி-பதில்

மாசி, பங்குனியில் புளி உலுக்கு. அது முடிந்ததும் மாங்காய் அறுப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மரமேறுகிறவர்களின் கேள்விகள் எனக்கு அதிகம் வருவது இந்த மாதங்களில்தான்.

மெடிக்கல் ஷாப்பில் முதலுதவிப் பெட்டி ஒன்று வாங்கினோம். சங்கிலி ரம்ப மெஷின் வைத்து மரம் அறுக்கும் எங்களுக்கு அது போதுமா? (பாலக்கோடு)

திறந்து பாருங்கள். பத்துப் பிளாஸ்திரி, கொஞ்சம் பஞ்சு, ஒரு மருந்து பாட்டில் இருக்கும். அது சமையலறைக் காயத்துக்கு. மெஷின் சங்கிலி அரிவாள் மாதிரி நேராக வெட்டாது. சதையைப் பிய்த்துக்கொண்டு போகும், மரத்தூளையும் ஆயிலையும் உள்ளே திணிக்கும். பெரிய காயக்கட்டு நாலைந்து, அகலமான ரோலர் பேண்டேஜ், முக்கோணத் துணி, கையுறை, பேண்ட்டைக் கிழிக்கும் கத்தரி, டூர்னிக்கெட் (ரத்தத்தை நிறுத்த கை காலில் இறுக்கிக் கட்டும் பட்டை), கண் கழுவ சலைன் என்கிற உப்புநீர், ஒரு விசில். இவ்வளவும் வேண்டும்.

அப்புறம், பெட்டி வண்டி சீட்டுக்கு அடியில் கிடந்தால் பயனில்லை. பிரிட்டனில் மரம் அறுப்பவர் பெரிய காயக்கட்டு ஒன்றைத் தன் உடலோடு வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். நம் ஆள் இடுப்பில் வெற்றிலைப் பைக்கு இடமிருக்கிறது, கட்டுக்கும் இருக்கும்.

தொடையில் வெட்டுப்பட்டு ரத்தம் பீறிட்டால் காப்பித்தூள் வைத்துக் கயிறு கட்டலாமா? (அரூர்)

காப்பித்தூள், மஞ்சள், அடுப்புச் சாம்பல் எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுப்பதே தனி வேலை. கையில் இருக்கும் சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்துங்கள். பத்து நிமிடம், இடையில் எடுத்துப் பார்க்காமல். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று.

அதற்கும் நிற்காமல் கொட்டினால்தான் டூர்னிக்கெட். காயத்துக்கு மேலே நாலு விரல் தள்ளி, மூட்டின் மேல் வராமல் கட்ட வேண்டும். மெல்லிய கயிறு சதையை அறுக்குமே தவிர ரத்தத்தை நிறுத்தாது. அரைகுறையாக இறுக்கினால் ரத்தப்போக்கு கூடவும் செய்யும். ஒரு பயிற்சியில் வயதான மரமேறி ஒருவர் தோள் துண்டை இரண்டு அங்குல அகலத்துக்கு மடித்தார், தொடையில் சுற்றி முடிச்சுப் போட்டார், முடிச்சுக்குள் அரிவாள் பிடியைச் செருகி மாட்டுக்குக் கட்டு முறுக்குவதுபோல நாலு சுற்று முறுக்கினார். நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொன்னேன்: கட்டிய நேரத்தை நெற்றியிலாவது எழுதிவிடுங்கள், ஆஸ்பத்திரி போகும்வரை அவிழ்க்காதீர்கள்.

புளிய மரத்திலிருந்து விழுந்தவர், ‘ஒண்ணுமில்ல’ என்று எழப் பார்க்கிறார். தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கலாமா? (பென்னாகரம்)

கூடாது. கழுத்தெலும்போ முதுகெலும்போ உடைந்திருந்தால், எழுந்து உட்காருவதே தண்டுவடத்துக்குக் கேடாக முடியலாம். ஒருவர் தலைமாட்டில் முழங்கைகளைத் தரையில் ஊன்றி, இரு கைகளாலும் தலையை ஆடாமல் பிடித்துக்கொள்ளட்டும். தண்ணீர் வேண்டாம், அறுவை தேவைப்படலாம். வாந்தி எடுத்தால் தலை, தோள், இடுப்பு ஒன்றாகத் திரும்பும்படி பக்கவாட்டில் புரட்டுங்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப் போகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், 108 வரட்டும். மூச்சே இல்லையென்றால் கழுத்தைப் பற்றி யோசிக்காமல் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை காட்டோரத்தில் வேலை என்றால் எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கிறது, வண்டி எதுவரை வரும் என்பதைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாங்காய் பறிக்கும் தொரட்டி கரண்ட் கம்பியில் பட்டால்? (கிருஷ்ணகிரி)

தொரட்டி பிடித்தவரைத் தொடாதீர்கள், கட்டையால் தள்ளவும் போகாதீர்கள். உயர் அழுத்தக் கம்பியென்றால் காய்ந்த மரமும் காப்பாற்றாது. மின்வாரியத்தைக் கூப்பிட்டு லைனை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகு மூச்சில்லாதவருக்கு நெஞ்சழுத்தம்: 30 அழுத்தத்துக்கு வாயோடு வாய் வைத்து 2 ஊதல், அழுத்துவது நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில். எழுந்து சிரித்துப் பேசினாலும் இசிஜி எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

மலைத்தேனீ கொட்டினால் சுண்ணாம்பு போதுமா? (போச்சம்பள்ளி)

போதாது. முதலில் கூட்டைவிட்டு விலகி ஓடி, கொடுக்குகளை நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ கடும் ஒவ்வாமைக்கு ஆஸ்பத்திரியில் போடும் அட்ரினலின் ஊசிதான், அதுவும் நிமிடக் கணக்கில்.

பயிற்சிக்கு யாரை அனுப்புவது? எங்கே? (காரிமங்கலம், மர வியாபாரி)

இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இரண்டும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. படம் போட்டுக் காட்டுவது மட்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பொம்மையின் நெஞ்சை அழுத்தி கை வலிக்க வேண்டும்.

யாரை என்றால், எல்லோரும் மேஸ்திரியையோ மரமேறியையோதான் அனுப்புகிறார்கள். சரி, மரமேறி விழுந்தால் அவருக்கு யார் கட்டுப் போடுவது? மேஸ்திரி அந்நேரம் லோடு ஏற்றப் போயிருப்பார். மரத்தடியில் இருப்பது புளி பொறுக்கும் பெண்கள். அவர்களில் இரண்டு பேரை அனுப்புங்கள், அன்றைய கூலியோடு.