பத்து மணிக்கு முன், பத்து மணிக்குப் பின்

கேள்வி: பேச்சுரிமைக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே, ரேடியோவில் அசிங்கமாகப் பேசினால் அரசாங்கம் அபராதம் போடுகிறதாமே! நல்ல காரியம்தானே?

பதில்: போடுகிறது. நல்ல காரியமா என்பதை, அந்த அபராதம் யார் தலையில் விழுந்தது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் கே.பி.ஓ.ஓ. என்று ஒரு நிலையம். நேயர்களின் நன்கொடையில் ஓடுவது. சாரா ஜோன்ஸ் என்ற பெண் கவிஞரின் பாட்டு ஒன்றை அங்கே ஒலிபரப்பினார்கள். பெண்களை வெறும் உடம்பாகப் பார்க்கும் ராப் பாட்டுகளின் வரிகளையே எடுத்து, அவற்றைத் திருப்பி அடிக்கிற பாட்டு அது. 2001-ல் எஃப்.சி.சி. என்ற ஒலிபரப்பு ஆணையம் 7,000 டாலர் அபராதம் என்று நோட்டீஸ் அனுப்பியது. அசிங்கத்தைக் கண்டித்தவருக்கே அசிங்கப் பட்டம்! அப்புறம் 2003-ல் அதே ஆணையம், இது அநாகரிகம் இல்லை என்று சொல்லி நோட்டீஸைத் திரும்பப் பெற்றது. நடுவில் ஏறக்குறைய இரண்டு வருஷம் அந்த நிலையம் பட்ட பாட்டுக்கு யார் அபராதம் கட்டுவது?

ஆணையம் தானாக உட்கார்ந்து ரேடியோ கேட்பதில்லை. யாராவது புகார் கொடுத்தால்தான் ஃபைல் நகரும். 1973-ல் ஒரு நாள் மதியம் இரண்டு மணிவாக்கில், நியூயார்க் நிலையம் ஒன்று ஜார்ஜ் கார்லின் என்ற காமெடியனின் கெட்ட வார்த்தைக் காமெடியைப் போட்டது. மகனோடு காரில் போய்க்கொண்டிருந்த ஒருவர் கேட்டார், எழுதிப் போட்டார். அந்த ஒரே புகார் உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஆணையம் ஜெயித்தது. ரேடியோ அழையாமல் வீட்டுக்குள் வருகிறது, குழந்தைகள் காதில் விழும் என்பது நீதிபதிகள் சொன்ன நியாயம். சரி, அதை நானும் மறுக்கவில்லை. காலை 6 முதல் இரவு 10 வரை வாயைக் கட்டு என்ற இன்றைய விதிக்கும் அதுதான் அடிப்படை.

ஆனால் எது அநாகரிகம்? சமூகத்தின் இன்றைய அளவுகோலின்படி அப்பட்டமாக அருவருப்பூட்டுவதாம். அந்த அளவுகோலை ஒலிபரப்புக்கு முன்னால் யாரும் கையில் கொடுப்பதில்லை. நோட்டீஸ் வரும்போதுதான் தெரியும்.

பெரிய வாய்க்காரர்கள் தப்பித்துக்கொள்வார்கள். 2004-ல் ஹோவர்ட் ஸ்டெர்ன் என்ற ரேடியோ பேச்சாளரின் நிகழ்ச்சிக்காக ஒரு கம்பெனிக்கு 4,95,000 டாலர் அபராதம் போட்டார்கள். மனிதர் 2006-ல் சாட்டிலைட் ரேடியோவுக்குக் குடிபோய்விட்டார். அது காசு கட்டிக் கேட்பது, இந்த விதி அங்கே செல்லாது. அதே வாய், அதே பேச்சு, குற்றம் மட்டும் இல்லை! அதே வருஷம் அபராத உச்சவரம்பு 32,500-லிருந்து 3,25,000 டாலராக, ஒரே தாவில் பத்து மடங்கானது. கே.பி.ஓ.ஓ. மாதிரி நிலையங்களுக்குக் குடிபோக சாட்டிலைட் ஏது? சந்தேகமான பாட்டு என்றால் மணியைப் பார்ப்பார்கள். பத்து ஆகவில்லையா, இசைத்தட்டை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள்.