மணிமேகலைக்கு அத்தை செய்து வைத்த கல்யாணம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்பு கோடை விடுமுறையில் படித்த 'பொன்னியின் செல்வ'னைப் போன மாதம் திரும்ப எடுத்தேன். முப்பத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு அண்ணன் நூலகத்திலிருந்து ஒவ்வொரு பாகமாக எடுத்து வருவான். மூன்றாம் பாகம் யாரிடமோ மாட்டிக்கொண்டதால் நான்காம் பாகத்தை முதலில் படித்தேன். இப்போது ஐந்தையும் சொந்தமாக வாங்கி வரிசையாகப் படித்தும் அந்தப் பரவசம் வரவில்லை. எந்த இரண்டு பேர் ரகசியம் பேசினாலும் மூன்றாவது ஆள் மறைந்து நின்று கேட்கிறார். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வருத்தம். பிடித்த பழைய புத்தகங்களைத் தொடாமல் விட்டுவிடுவதுதான் நல்லதா? தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நாவலும் அலமாரியில் இருக்கிறது. எடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

ஒட்டுக்கேட்பது பற்றி நீங்கள் சொல்வது சரிதான். சோழ நாட்டில் சுரங்கப்பாதை இல்லாத சுவரே கிடையாதோ என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் அது 1950 அக்டோபரில் கல்கி பத்திரிகையில் தொடங்கி மூன்றரை வருஷம் வாராவாரம் வந்த கதை. அத்தியாயக் கடைசியில் இருட்டில் ஓர் உருவம் நகர்கிறது என்றால், அடுத்த இதழ் வரும்வரை ஏழு நாள் தாங்குவதற்காகப் போட்ட முடிச்சு அது. ஒரே மூச்சில் பத்து அத்தியாயம் படிக்கிறவர் கையில் பத்து முடிச்சும் வரிசையாகத் தட்டுப்படத்தான் செய்யும்.

நான் முதலில் படித்தது புத்தகமே இல்லை, அத்தையின் பைண்டு. தொடர் வந்த காலத்தில் வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்துவைத்து, பாகத்துக்கு ஒன்றாகப் பைண்டு போட்டிருந்தாள். கெட்டி அட்டை, முதுகில் சிவப்புக் காலிகோ துணி. மணியத்தின் ஓவியங்களில் குந்தவையின் கொண்டைக்குப் பின்பக்கம் வேறு ஏதோ சிறுகதையின் பாதி இருக்கும். அந்தச் சிறுகதைக்கு முதலும் கிடையாது, முடிவும் கிடையாது. பைண்டர் ஓரத்தை வெட்டும்போது கொஞ்சம் தாராளமாக வெட்டிவிட்டதால் பல பக்கங்களில் வரிக்கடைசி எழுத்து போயிருந்தது. 'வந்தியத்தேவ' என்று நிற்கும். 'ன்' நாம் போட்டுக்கொள்ள வேண்டும். இன்றைக்கும் அச்சுப் புத்தகத்தில் எல்லா எழுத்தும் முழுசாக இருப்பதைப் பார்த்தால் எனக்குச் சற்று அந்நியமாகத்தான் இருக்கிறது.

ஐந்தாவது பைண்டில் கடைசிச் சில பக்கங்கள் இல்லை. இரவல் போய்த் திரும்பியபோதே இல்லையாம். எனக்குப் பன்னிரண்டு வயது. அழாத குறையாகப் போய் நின்றேன். அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே மீதிக் கதையைச் சொன்னாள். வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம். வானதிக்கும் அருள்மொழிக்கும் கல்யாணம். வந்தியத்தேவனை ஒருதலையாகக் காதலித்த பெண் ஒருத்தி பாக்கி இருந்தாள். "மணிமேகலை?" என்றேன். முறம் ஒரு நிமிஷம் நின்றது. "அவளுக்கும் ஆச்சு. பார்த்திபேந்திரனுக்குக் குடுத்தா. காஞ்சிபுரத்துல சௌக்கியமா இருந்தா" என்றாள்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகி மலிவுப் பதிப்புகள் வந்த பிறகுதான் முதல்முறையாக நூலைக் கடைசிவரை படித்தேன். கடைசி அத்தியாயத்தின் பெயர் 'மலர் உதிர்ந்தது'. மணிமேகலை புத்தி பேதலித்து, வந்தியத்தேவன் மடியில் தலைவைத்துச் செத்துப்போகிறாள். எனக்குக் கல்கி மேல் கோபம் வந்தது. நல்லபடியாக முடிந்த கதையில் இவர் யார் கைவைக்க என்கிற மாதிரி. நாற்பதை நெருங்கிய ஆள், நம்பமாட்டீர்கள், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஊருக்குப் போன் போட்டேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நீ ராத்திரி சாப்பிட்டிருக்க மாட்டேடா" என்றாள் அத்தை. அவ்வளவுதான். அப்புறம் மழை உண்டா என்று கேட்டாள்.

குந்தவை விஷயத்தில் அத்தை தப்பாகச் சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே அவரை வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார் என்று சொல்கிறது. காஞ்சிபுரத்துக் கல்யாணம் மட்டும் அவளுடைய சொந்தச் சரக்கு.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீங்கள் தேடிப்போன பரவசத்தில் எவ்வளவு கல்கியுடையது, எவ்வளவு அந்தக் கோடை விடுமுறையுடையது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது பங்கைப் புதுப்பதிப்பில் தேடினால் கிடைக்காது. கிடைக்கவில்லை என்று கல்கியிடம் கோபித்துக்கொள்வதும் நியாயமில்லை. நான் கோபித்துக்கொண்டேன், அது வேறு.

கல்கியுடைய பங்கு இப்போதும் அங்கேதான் இருக்கிறது, வேறு இடங்களில். பன்னிரண்டு வயதில் நான் சுந்தர சோழர் வந்தாலே பக்கத்தைத் தள்ளிவிடுவேன். கால் விளங்காமல் படுத்துக் கிடக்கிற ராஜாவிடம் ஒரு பையனுக்கு என்ன வேலை? குதிரையும் கடலும் எப்போது வரும் என்றிருக்கும். போன வருஷம் படித்தபோது அங்கேதான் நின்றுவிட்டேன். ஒரு தீவில் பார்த்த, பேசமுடியாத ஒரு பெண்ணை, தன்னால் செத்துப்போனாள் என்று அத்தனை வருஷமும் நம்பிக்கொண்டு, ராத்திரி ஆனால் அவள் ஆவி வருகிறது என்று நடுங்குகிறார் அந்த மனிதர். அதை மகளிடம் உட்காரவைத்துச் சொல்கிறார். அந்தத் தீவுப் பெண் உயிரோடுதான் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு தகப்பன் தன் இளவயசுக் காதலைப் பெண்ணிடம் சொல்வது லேசான காரியமா? வாராவாரத் தொடரில், சுரங்கப்பாதைகளுக்கு நடுவே, இதையும் எழுதியிருக்கிறார். இந்த இடத்தை நான் இளமையில் படித்ததாகவே ஞாபகம் இல்லை. ஆகவே எனக்கு இது மறுவாசிப்பும் இல்லை.

'மோகமுள்'ளைத் தாராளமாக எடுங்கள். பாபுவோடு யமுனாவைப் பார்த்தவர் நீங்கள் என்றால், இந்த வயதில் யமுனாவின் பக்கம் உட்கார்ந்து பாபுவைப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள், சண்டை போடலாம்.

ஒரு சந்தேகம். நடுக்கடலில் விட்ட அருள்மொழியை அப்படியே விட்டுவிட்டு நேராக நான்காம் பாகத்துக்குப் போயிருக்கிறீர்கள். நடுவில் நடந்ததை அண்ணன் சொன்னாரா, நீங்களே கட்டிக்கொண்டீர்களா? அந்த மூன்றாம் பாகம் யாரிடம் இருந்தது என்று கடைசியில் தெரிந்ததா?